சைக்கிள் கேள்வி–பதில்: மழை மண்ணுக்கு எந்த டயர்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டயரைப் பற்றியவை. மழை விழுந்த மண்ணில் எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஓட்ட எதைப் போடுவது என்ற கேள்விக்குக் கொங்கு மண்டலத்தில் ஒற்றை விடை கிடையாது. பல்லடம், உடுமலைப் பக்கம் கரிசல். காங்கேயம், பெருந்துறைப் பக்கம் சரளை கலந்த செம்மண். வால்பாறை, ஏற்காடு போனால் ஈரப் பாறையும் வேரும். மூன்றிலும் சக்கரம் வழுக்கும், காரணம்தான் வேறு வேறு. கடைக்குப் போகும் முன் உங்கள் மண் எது என்று பார்த்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

தடப்பள்ளி வாய்க்கால் கரையில தினமும் ஓட்டறனுங்க. வண்டி 27.5 அங்குலம், வாங்கும்போதே வந்த 2.1 அங்குல அகல டயர். மழை பேஞ்ச மறுநாள் திருப்பத்துல முன் சக்கரம் நழுவுது. காத்து 45 பிஎஸ்ஐ வெச்சிருக்கேன், எடை 68 கிலோ. டயரை மாத்தோணுங்களா?
— கோபிசெட்டிபாளையம் வாசகர்

மாற்றுவதற்கு முன் காற்றைக் குறையுங்கள். 45 பிஎஸ்ஐ என்பது தார் ரோட்டுக்கான அழுத்தம். அவ்வளவு இறுக்கமாக இருக்கும் டயர் மண்ணில் ஓர் உருண்டை விளிம்பாக மட்டுமே நிற்கும். நடுவில் இருக்கும் இரண்டு வரிசைப் பட்டன்கள்தான் (டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்) தரையைத் தொடும். வண்டியைச் சாய்க்கும்போது பக்கவாட்டுப் பட்டன்கள் மண்ணில் இறங்குவதற்குள் சக்கரம் போய்விடும். காற்றைக் குறைத்தால் டயர் மண்ணில் படியும் நீளம் கூடும், கூடுதல் பட்டன்கள் வேலை செய்யும், கல் வந்தால் டயர் அதன்மேல் குதிக்காமல் வளைந்து கொடுக்கும்.

டியூப் போட்ட 2.1 முதல் 2.25 வரையான டயருக்கு, ஈர மண்ணில், உங்கள் எடைக்கு முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ என்று தொடங்குங்கள். 55–60 கிலோ எடைக்காரர் முன்னால் 22, பின்னால் 25 வைக்கலாம். 80–90 கிலோ இருப்பவர் 29, 32க்குக் கீழே போக வேண்டாம். உடம்பின் பாரம் பெரும்பாலும் பின் சக்கரத்தில் இறங்குவதால்தான் பின்னால் எப்போதும் 2–3 பிஎஸ்ஐ அதிகம்.

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 25க்கும் 32க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் தெரியாது, திருப்பத்தில் டயருக்குத் தெரியும். பெட்ரோல் பங்க் மீட்டரும் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது. சின்ன டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், எப்போதும் அதையே வைத்து அளந்து, எழுதி வையுங்கள். ஒரே பாதையில் 2 பிஎஸ்ஐ வீதம் குறைத்துக்கொண்டே போய் ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கான எண் கிடைத்துவிடும்.

எங்கே நிறுத்துவது? அளவு மீறிப் போனதை வண்டியே காட்டும். கல்லில் ஏறும்போது ரிம் ‘டக்’கென்று இடித்தால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அப்படியே ஓட்டினால் ரிமுக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கம் பக்கமாக இரண்டு வெட்டு விழும். முள் குத்தினால் ஓர் ஓட்டை, இப்படி நசுங்கினால் ஜோடி ஓட்டை. பஞ்சர் ஒட்டும்போது இதைப் பார்த்தாலே காற்று போதாததா, முள்ளா என்று தெரிந்துவிடும். இன்னொன்று வால்வு. அது ரிமில் நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போதோ மிதிக்கும்போதோ டயர் ரிமின் மேல் நழுவி டியூபையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருள். அப்படியே விட்டால் வால்வு டியூபோடு ஒட்டியிருக்கும் இடத்தில் கிழியும். அந்தக் கிழிசலை ஒட்ட முடியாது, டியூப்தான் மாற்ற வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டியோடு வரும் விலை குறைந்த டயர்கள் சிலவற்றில் 35 அல்லது 40 என்று இருக்கும். அதற்குக் கீழே இறக்கக் கூடாது. உங்கள் டயர் அந்த வகை என்றால் அதன் கூடு தடிப்பானது, மண்ணுக்கு ஏற்ப வளையாது. அப்போதுதான் புது டயருக்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது. அதிலும் முன் டயரை மட்டும் மாற்றினால் போதும். பின் சக்கரம் நழுவினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் நழுவினால் விழுவதுதான். பழைய பின் டயர் தேயும்வரை ஓடட்டும்.

வாய்க்கால் கரை மண் அடியில் இறுகியும் மேலே விரல் கனத்துக்குக் குழைந்தும் இருக்கும். அதற்குப் பட்டன் உயரம் சுமார் 4–5 மி.மீ. இருந்தால் மேல் சேற்றைத் தாண்டி இறுகிய மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நடுப் பட்டன்களுக்கும் ஓரப் பட்டன்களுக்கும் இடையே வாய்க்கால் மாதிரி தெளிவான இடைவெளி இருக்க வேண்டும். மேக்சிஸ் நிறுவனத்தின் மினியன் டிஎச்எஃப் டயர் இந்த அமைப்புக்குப் பேர் போனது. அந்த விலை கட்டுப்படாவிட்டால் அதே அமைப்பில் உள்ள உள்நாட்டு டயரும் இந்த மண்ணுக்குப் போதும்.

பல்லடம் பக்கம் கரிசக்காடு. மழை பேஞ்சா அரைக் கிலோமீட்டர் போறதுக்குள்ள சக்கரம் சுத்தாம நின்னு போகுது. 2.4 அகல டயர் போட்டா சரியாகுமுங்களா?
— பல்லடம் வாசகர்

இன்னும் சீக்கிரம் நின்றுபோகும். உங்களுடைய சிக்கல் பிடிப்பு இல்லாதது அல்ல, ஒட்டிக்கொண்ட மண் விழாதது.

கரிசலில் இருக்கும் களி வகை தண்ணீரைக் குடித்து ஊதும். காய்ந்தால் வெடிப்பு விடுவதும் ஈரத்தில் பசையாவதும் அதனால்தான். களி கிண்டும் துடுப்பில் சேர்வதுபோல டயரில் சுற்றுக்குச் சுற்று ஒரு படலம் ஏறும். கொஞ்ச நேரத்தில் பட்டன்களே மறைந்து வழவழப்பான ஒரு வளையம்தான் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் வளைவிலும், பின்னால் பெடல் அச்சுக்குப் பின்புறம் ஃபிரேம் குழாய்கள் சேரும் இடத்திலும் மண் அடைத்துச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே முதலில் அளக்க வேண்டியது டயருக்கும் ஃபிரேமுக்கும் உள்ள சந்து. இரு பக்கமும் மேலேயும் குறைந்தது 6 மி.மீ. இருந்தால் செம்மண்ணுக்குச் சரி. கரிசலுக்கு 10 மி.மீ.யாவது வேண்டும். 6 மி.மீ. ஆலன் கீ ஒன்றைச் சந்தில் விட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், உரசாமல் சுற்ற வேண்டும். சந்து போதவில்லை என்றால் அகலத்தைக் குறைப்பதுதான் வழி: 2.25 போட்டிருந்தால் 1.95 அல்லது 2.1. குறுகின டயர் மேல் சேற்றை அறுத்துக்கொண்டு அடிக்கெட்டிக்குப் போகும், குறைவான மண்ணைச் சுமக்கும்.

பட்டன் உயரத்தைவிட இங்கே இடைவெளிதான் முக்கியம். கடையில் டயரைக் கையில் எடுத்துப் பட்டன்களுக்கு நடுவே சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். விரல் தாராளமாகப் படிந்தால் மண்ணும் உதிரும். விரல் நுழையாத நெருக்கமான டயர், அது எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், கரிசலுக்கு உதவாது. சேற்றுக்கும் குழைந்த மண்ணுக்கும் ஏற்ற மேக்சிஸ் ஷார்ட்டி, ஷ்வால்பே மேஜிக் மேரி ஆகியவற்றில் பட்டன்கள் உயரமாகவும் வெகு தள்ளித் தள்ளியும் இருப்பதைப் பார்த்தால் இது விளங்கும்.

சக்கரம் வேகமாகச் சுற்றினால்தான் ஒட்டிய மண் தெறித்து விழும். நடக்கும் வேகத்தில் எந்த டயரும் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளாது. அதனால் கரிசலில் தயங்கித் தயங்கி ஓட்டுவது சுமையைத்தான் கூட்டும். முடிந்த இடத்தில் தடத்தை விட்டு அருகம்புல் படர்ந்த ஓரத்தில் ஓட்டுங்கள், புல் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். மட்கார்டைக் கழற்றிவிடுங்கள். ரிமைப் பிடிக்கும் வி-பிரேக் வண்டியில் பிரேக் கை இரண்டும் டயரின் இரு பக்கமும் நெருங்கி நின்று மண்ணைத் தேக்கும். கரிசல் ஊர்க்காரர் புது வண்டி வாங்குவதானால் டிஸ்க் பிரேக் எடுப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சக்கரம் நின்றுவிட்டால் அழுத்தி மிதிக்காதீர்கள். பின் டிரெயிலியர் (செயினை கியருக்குக் கியர் மாற்றும் கருவி) கப்பியில் மண்ணும் வைக்கோலும் அடைத்திருக்கும்போது பலம் போட்டு மிதித்தால், டிரெயிலியரைத் தாங்கும் ஹேங்கர் வளையும். சில நேரம் டிரெயிலியரே ஸ்போக்குக்குள் போய்விடும். இறங்கி, ஒரு குச்சியாலோ பிளாஸ்டிக் டயர் லீவராலோ முதலில் பெடல் அச்சுக்குப் பின்னால் உள்ள மண்ணையும், பிறகு ஃபோர்க் வளைவையும், கடைசியாகக் கப்பிகளையும் நோண்டி எடுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும்.

கனமழை பெய்த அன்று கரிசல் தடத்தில் ஓட்டவே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. நல்ல வெயில் ஒரு பகலாவது அடிக்கட்டும். உங்கள் டயர் தடம் ஓர் அங்குலத்துக்கு மேல் பதிகிறது என்றால் அந்தப் பாதை இன்னும் தயாராகவில்லை. அந்தத் தடம் அப்படியே காய்ந்து இறுகினால், பால் கேனோடு மொபெட்டில் வருகிறவர்தான் அதில் சிக்கித் தடுமாறுவார்.

ஊர்ல இருந்து காலேஜுக்கு 5 கிலோமீட்டர் தார் ரோடு, 3 கிலோமீட்டர் இட்டேரி, அதாவது வேலிக்கு நடுவால போற மண் தடம். செம்மண்ணும் சரளையும். ரெண்டுக்கும் ஆகற மாதிரி ஒரு டயர் சொல்லுங்க.
— பெருந்துறை மாணவர்

செம்மண் தண்ணீரை வேகமாக வடித்துவிடும். லேசான ஈரத்தில் அது ஓட்டுவதற்கு நல்ல தரை. வழுக்குவது மேலே உதிரியாகக் கிடக்கும் சரளைதான். சேற்று டயர் உங்களுக்கு வேண்டாம், தார் ரோட்டில் அதன் உயரப் பட்டன்கள் வளைந்து நெளிந்து சீக்கிரமே ஓரம் தேயும்.

பின்னால் நடுவில் நெருக்கமான தாழ்ந்த பட்டன், ஓரத்தில் உயர்ந்த பட்டன் உள்ள டயரைப் போடுங்கள். முன்னால் பட்டன் 3–4 மி.மீ. உயரமுள்ள 2.2 அல்லது 2.25. தாரில் நடுப்பகுதி ஓடும், இட்டேரித் திருப்பத்தில் ஓரம் பிடிக்கும். அழுத்தம் முன்னால் 30, பின்னால் 33 என்று வைத்தால் இரண்டுக்கும் ஒத்துவரும்.

இட்டேரியில் உங்களுக்கு உண்மையான எதிரி முள். இரு பக்கமும் கிளுவை வேலி, இடையிடையே வேலமரம், மழை வந்தால் ஓரத்து முள்ளெல்லாம் அரித்துக்கொண்டு தடத்துக்கு வந்துவிடும், மழைக்குப் பின் நெருஞ்சியும் படரும். வீடு வந்ததும் சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, பட்டன்களுக்கு நடுவே தைத்திருக்கும் முள்ளைப் பிடுங்கிவிடுங்கள். முள் குத்திய அன்றே எப்போதும் பஞ்சர் ஆவதில்லை. சில முள் இரண்டு மூன்று நாள் ஓட ஓட உள்ளே இறங்கித்தான் டியூபைத் தொடும்.

வால்பாறைல எஸ்டேட் ரோட்டுல ஓட்டறதுக்குன்னு கூர்ப்பட்டன் சேத்து டயர் வாங்கிப் போட்டேன். சேத்துல அருமையா போகுது. ஆனா ஈரப்பாறைல முன்னைவிட மோசமா வழுக்குதே, ஏனுங்க?
— பொள்ளாச்சி வாசகர்

பாறைக்குள் பட்டன் இறங்காது. சேற்றில் குத்தி நிற்கும் அதே உயரமான பட்டன், பாறையின்மேல் வெறும் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், பாரம் ஏறியதும் மடங்கும். தொடும் பரப்பு குறைவு, மடங்குவதால் பிடிப்பும் நிலையில்லாதது. ஈரப்பாறையிலும் வேரிலும் டயரைப் பிடித்து நிறுத்துவது ரப்பரின் மென்மைதான்.

ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் மென்மை கூடும். மேக்சிஸின் சூப்பர் டேக்கி 42ஏ, அதே நிறுவனத்தின் சாதாரண ரப்பர் 60ஏ. மூன்று ரப்பர் கலந்த வகையில் மேக்ஸ்கிரிப் மிக மென்மை, மேக்ஸ்டெரா நடுத்தரம். ஷ்வால்பே ஆடிக்ஸ் டயர்களில் நிறக் கோட்டைப் பாருங்கள்: சிவப்பு வேகத்துக்கு, நீலம் இடைத்தரம், ஆரஞ்சு மென்மை, ஊதா மிக மென்மை. உங்களுக்கு முன்னால் ஆரஞ்சு அல்லது மேக்ஸ்டெரா தரம், பட்டன் உயரம் நடுத்தரம், பட்டன் தலையில் மெல்லிய கீறல்கள் இருந்தால் நல்லது. அந்தக் கீறல் வழியாகப் பட்டன் விரிந்து பாறையின் சொரசொரப்பைப் பற்றும். பின்னால் ஒரு படி கடினமானதைப் போடுங்கள். மென்மையான ரப்பர் தார் ரோட்டில் வெகு சீக்கிரம் தேயும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் தாரிலேயே ஏறுவதானால் அந்தத் தேய்மானத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பச்சைப் பாசி படிந்த பாறையில் எந்த டயரும் நிற்காது. வண்டியைச் சாய்க்காமல், திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும். பிரேக்கைப் பாறைக்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். குறுக்கே கிடக்கும் வேரைச் செங்குத்தாகத்தான் தாண்ட வேண்டும். சாய்வாக ஏறினால் முன் சக்கரம் வேரை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போகும்.

கட்டாயம் சொல்ல வேண்டியது: ஆனைமலை, சத்தியமங்கலம் இரண்டும் புலிகள் காப்பகங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுத் தடத்தில் இறங்குவது குற்றம். எஸ்டேட் ரோடு பல இடங்களில் தனியார் நிலம், கேட்டுவிட்டுப் போங்கள். மழைக் காலத்தில் விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும் யானை நடமாடும் வழியில் சைக்கிளில் போவதே தவறு.

சேலம் வெயிலுக்கு டியூப்லெஸ் தாங்குமா?
— சேலம் வாசகர்

தாங்கும், ஆனால் டயருக்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவத்தைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சீலண்டில் உள்ள லேடெக்ஸ் வெப்பத்தில் உறைந்து காய்ந்துவிடும். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் பகுதி) கழற்றி, மெல்லிய கம்பியையோ கேபிள் டையையோ உள்ளே விட்டு நனைகிறதா என்று பாருங்கள். நனையவில்லை என்றால் 27.5 டயருக்கு 80–90 மி.லி., 29க்கு 100 மி.லி. ஊற்றுங்கள்.

டியூப் இல்லாததால் ஜோடி ஓட்டைக்குப் பயம் இல்லை, அதனால் மேலே சொன்ன அழுத்தத்தில் இன்னும் 2–4 பிஎஸ்ஐ குறைக்கலாம். சேற்றில் இந்த வித்தியாசம் பெரியது. நெருஞ்சி முள்ளையும் சீலண்ட் அங்கேயே அடைத்துவிடும். ஆனால் டயரில் டியூப்லெஸ் ரெடி என்ற குறியீடு கட்டாயம் இருக்க வேண்டும்: மேக்சிஸில் டிஆர், ஷ்வால்பேயில் டிஎல்இ அல்லது டிஎல்ஆர். குறியீடு இல்லாத சாதாரண டயரின் விளிம்பு ரிமில் பிடித்து நிற்காது, ஓட்டத்தில் கழன்று வெடிக்கும். ரிமும் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும், உள்ளே ஒட்டும் டேப் ரிமின் உள் அகலத்தைவிட 2–4 மி.மீ. அகலம். கைவசம் ஒரு டியூப் எப்போதும் இருக்கட்டும்.

வீட்டுல பழைய லேடீஸ் சைக்கிள் டயர் 26 இருக்கு. என் எம்டிபியும் 26. போடலாமா?
— திருச்செங்கோடு வாசகர்

பொருந்தாது. பெயர்தான் இரண்டுக்கும் 26. டயரின் பக்கத்தில் கோடு போட்டு எழுதிய எண்ணைப் பாருங்கள். எம்டிபி 26 × 1.95 டயரில் 559 என்று முடியும், சாதாரண சைக்கிளின் 26 × 1⅜ டயரில் 590 என்று முடியும். ரிமில் டயர் உட்காரும் விட்டத்தின் மி.மீ. அளவு அது. 27.5க்கு 584, 29க்கு 622. முன்னால் இருக்கும் எண் டயரின் அகலம்: 54-584 என்றால் 54 மி.மீ. அகலம். கடையில் அங்குலத்தைச் சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

டயர்ல அம்புக்குறி போட்டிருக்கு. பின்னால திருப்பிப் போட்டா சேத்துல நல்லா இழுக்கும்னு சொல்றாங்க. உண்மையா?
— நாமக்கல் வாசகர்

சில டயர்களில் உண்மை. முன் சக்கரத்துக்கு முக்கியம் பிரேக், பின் சக்கரத்துக்கு முக்கியம் இழுவை. பட்டனின் ஒரு பக்கம் சரிவாகவும் மறு பக்கம் செங்குத்தாகவும் இருக்கும் டயரைப் பின்னால் திருப்பிப் போட்டால், மிதிக்கும்போது செங்குத்துப் பக்கம் மண்ணைத் தள்ளும். பதிலுக்குப் பின் பிரேக்கின் பிடிப்பு குறையும். சில டயர்களில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அம்புக்குறியே போட்டிருப்பார்கள், அதன்படியே போடுங்கள். ஒரே அம்புக்குறி என்றால் மாற்றாதீர்கள். ஏற்றத்தில் பின் சக்கரம் சும்மா சுற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் எழுந்து நின்று மிதிப்பதுதான். சீட்டின் முன் நுனியில் உட்கார்ந்து, ஒரு கியர் கனமாக வைத்து, காலைச் சீராகச் சுற்றுங்கள்.

சேறான வண்டியை வாட்டர் சர்வீஸ்ல விடலாமுங்களா?
— மேட்டுப்பாளையம் வாசகர்

வேண்டாம். அந்த அழுத்தத் தண்ணீர் சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) எல்லாவற்றின் சீலையும் தாண்டிக் கிரீஸைக் கழுவிவிடும். தோட்டத்துக் குழாயில் மெதுவாக ஊற்றி, மண் ஊறியதும் பிரஷ்ஷால் தேயுங்கள். மண் காய்வதற்குள் செய்தால் பத்து நிமிட வேலை. டயரில் டீசல், மண்ணெண்ணெய் எதையும் தடவாதீர்கள், ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். வி-பிரேக் வண்டியானால் பிரேக் கட்டையைத் திருப்பிப் பார்த்து, புதைந்திருக்கும் மணலை ஊசியால் எடுங்கள். அந்த மணல்தான் ரிமை அறுக்கிறது. ரிமின் பக்கத்தில் தேய்மானத்தைக் காட்டும் பள்ளக்கோடு மறைந்திருந்தால் டயரை யோசிக்கும் முன் ரிமை மாற்றுங்கள்.